தொடக்கப் பள்ளி நீர்க் கல்வி

தொடக்கப் பள்ளி நீர்க் கல்வி என்பது ஏறத்தாழ 5 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நீரைப் பற்றிக் கற்பிக்கும் கல்விப் பகுதியாகும். நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு உள்ளது, அது குடிக்க ஏற்றதா என்பதை எவ்வாறு அறிவது ஆகிய மூன்று கேள்விகளும் இதன் அடிப்படை. முதல் இரண்டும் நீர்வளம் சார்ந்தவை. மூன்றாவது நீரின் தரம் சார்ந்தது. பெரும்பாலான நாடுகளில் இது தனிப்பாடமாக இல்லை. தமிழ்நாட்டில் சூழ்நிலையியல், அறிவியல் பாடங்களிலும், இலங்கையில் சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்னும் பாடத்திலும் இது இடம்பெறுகிறது.

இக்கட்டுரை நீர்க் கல்வியின் தேவை, வரலாறு, வகுப்பறைச் செயல்பாடுகள், நீர்ச் சோதனைகள், அவற்றின் வரம்புகள் ஆகியவற்றைத் தமிழ்நாடு, யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளின் எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது.

தேவை

மாசடைந்த நீரால் மிகுதியும் பாதிக்கப்படுவோர் குழந்தைகளே. உலக நலவாழ்வு அமைப்பு 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட தகவலின்படி, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கு நோய்களால் இறக்கின்றனர். பாதுகாப்பான குடிநீர், கழிப்பிட வசதி, கை கழுவும் பழக்கம் ஆகியவற்றால் இவற்றில் பெரும்பகுதியைத் தடுக்க இயலும்.

நீரில் கரைந்துள்ள வேதிப்பொருள்களாலும் குழந்தைகள் தனித்த முறையில் பாதிக்கப்படுகின்றனர். நிலைப்பற்களின் எனாமல் உருவாவது பெரும்பாலும் வாழ்வின் முதல் எட்டு ஆண்டுகளில் ஆகும். அக்காலத்தில் புளோரைடு மிகுந்த நீரைத் தொடர்ந்து குடித்தால் பற்களில் வெண்மையான அல்லது பழுப்பான கறைகள் நிலைத்துவிடும். இது பற்புளோரைடு நோய் எனப்படுகிறது. பெரியவரான பின்னர் அதே நீரைக் குடிக்கத் தொடங்குபவருக்கு இக்கறை தோன்றுவதில்லை. எனவே நீரின் தரம் பற்றிய அறிவு உயர்நிலைப் பள்ளி வரை காத்திருக்கக்கூடியது அன்று. பாதிப்பு நேரும் வயதின் பிற்பகுதி தொடக்கப் பள்ளியில் பயிலும் வயதுடன் ஒன்றுபடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பல வீடுகளில் குழாயடியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் நீர் கொண்டுவருவதில் குழந்தைகளும், அவர்களிலும் சிறப்பாகச் சிறுமிகளும், பங்கேற்கின்றனர். குடத்தை மூடி வைப்பது, கையை விடாமல் அகப்பையால் நீர் மொள்வது போன்ற பழக்கங்கள் இவர்கள் வழியாகவே வீட்டில் நிலைபெறுகின்றன.

வரலாறு

1937 ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில் முன்வைக்கப்பட்ட காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டம், தூய்மைப் பணியையும் சுற்றுப்புறத்தையும் கல்வியுடன் இணைத்தது. நீரை மையமாகக் கொண்ட தனித்த கல்வித் திட்டங்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றின. ஐக்கிய அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் 1984 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'புராசெக்ட் வெட்' என்னும் திட்டம் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் செயல்பாட்டு நூல்களும் வழங்கிய இத்திட்டம் பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவியது. மாணவர்கள் திரட்டும் மழை, வெப்பநிலை, நீர் ஆகியவை பற்றிய அளவீடுகளை ஒரு பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்கும் 'குளோப்' திட்டம் 1995 இல் செயல்படத் தொடங்கியது. மார்ச் 22 ஆம் நாள் 1993 ஆம் ஆண்டு முதல் உலக நீர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இந்தியாவில், 1991 ஆம் ஆண்டு எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த ஆணை, கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழல் கல்வியை இடம்பெறச் செய்ய வழிவகுத்தது. 2001 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியப் பசுமைப் படை, பள்ளிகளில் சூழல் மன்றங்களை ஏற்படுத்தியது. தமிழ்நாட்டில் 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்ட செயல்வழிக் கற்றல் முறை, குழந்தைகள் தாமே செய்து கற்பதற்குத் தொடக்க வகுப்புகளில் இடமளித்தது. 2019 ஆகத்து 15 அன்று இந்திய அரசு அறிவித்த ஜல் ஜீவன் இயக்கத்தில், வீட்டுக் குடிநீர் இணைப்புகளுடன், எளிய களச் சோதனைப் பெட்டிகளைக் கொண்டு ஊர்மக்களே நீரைச் சோதிக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது.

குழந்தைகளின் முன்கருத்துகள்

குழந்தைகள் நீரைப் பற்றிய சொந்தக் கருத்துகளுடனேயே வகுப்புக்கு வருகின்றனர். அவற்றை அறியாமல் கற்பிக்கும் பாடம் மேலோட்டமாகவே நிற்கும். பரவலாகக் காணப்படும் சில கருத்துகள் பின்வருமாறு:

- உயரமே அளவு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் சான் பியாசே (1896–1980) காட்டியபடி, ஏறத்தாழ 7 வயதுக்குட்பட்ட குழந்தைகள், அகன்ற குவளையிலிருந்து ஒடுங்கிய உயரமான குவளைக்கு மாற்றப்பட்ட நீர் கூடிவிட்டதாகக் கருதுவர். ஆகவே முதல் இரண்டு வகுப்புகளில் லிட்டர்க் கணக்கைக் காட்டிலும் பல வடிவக் கலங்களில் ஊற்றி ஒப்பிடும் விளையாட்டே பொருத்தமானது.
- நிலத்தடி நீர் ஓர் ஏரி. பூமிக்கு அடியில் பெரிய குளமோ ஆறோ இருப்பதாகவும், கிணறு அதைத் தொடுவதாகவும் குழந்தைகள் எண்ணுகின்றனர். மண் துகள்களின் இடைவெளிகளிலும் பாறை வெடிப்புகளிலும் நீர் தங்கியிருப்பது அவர்களுக்குப் புதிய செய்தி.
- நீர் குழாயில் பிறக்கிறது. நகரக் குழந்தைகளுக்குக் குழாய்க்கு அப்பாலுள்ள ஏரி, வடிகட்டும் நிலையம், மேல்நிலைத் தொட்டி ஆகியவை கண்ணில் படுவதில்லை. கழிவுநீர் எங்குச் செல்கிறது என்பதும் அவ்வாறே.
- தெளிந்த நீர் நல்ல நீர். இது குழந்தைகளிடம் மட்டுமன்றிப் பெரியவர்களிடமும் காணப்படும் கருத்தாகும். நீர்த் தரக் கல்வியின் பெரும்பகுதி இதைத் திருத்துவதற்கே செலவாகிறது.

நீர்வளம் பற்றிய செயல்பாடுகள்

*உலகின் நீர் ஒரு லிட்டரில்*

உலகிலுள்ள நீர் முழுவதும் 1 லிட்டர் எனக் கொண்டால், அதில் ஏறத்தாழ 975 மில்லிலிட்டர் உப்பு நீராகும். மீதமுள்ள 25 மில்லிலிட்டரே நன்னீர். அதிலும் ஏறத்தாழ 17 மில்லிலிட்டர் பனிப்பாறைகளாகவும் பனிப்படலங்களாகவும் உறைந்துள்ளது. 7 மில்லிலிட்டருக்குச் சற்று மிகுதியாக நிலத்தடி நீராக உள்ளது. ஆறுகளிலும் நன்னீர் ஏரிகளிலும் உள்ள நீர் ஏறத்தாழ ஒரு துளியே ஆகும். ஒரு லிட்டர்ப் புட்டி, அளவு மூடி, மருந்துச் சொட்டுக்குழாய் ஆகியவற்றைக் கொண்டு இதனை வகுப்பில் பத்து நிமிடங்களில் செய்து காட்டலாம். அந்த ஒரு துளி மழையால் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். இல்லையேல் நீர் விரைவில் தீர்ந்துவிடும் என்ற அச்சம் மட்டுமே குழந்தைகளின் மனத்தில் தங்கும்.

*மழையை அளத்தல்*

நேரான பக்கங்களைக் கொண்ட ஞெகிழிப் புட்டியின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகப் பொருத்தினால் எளிய மழைமானி கிடைக்கும். அடிப்பகுதி சமதளமாக இல்லாவிடில் கூழாங்கல்லும் நீரும் இட்டுச் சமன் செய்து, அம்மட்டத்தைச் சுழியாகக் கொள்ளவேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் அளவுகோலால் நீரின் உயரத்தை அளந்து எழுதுவது மூன்றாம் வகுப்பு மாணவர்களால் இயலும்.

1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் 1 லிட்டர் ஆகும். ஆகவே 50 சதுர மீட்டர் பரப்புள்ள பள்ளிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர் நீர் விழுகிறது. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை 900 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. இதில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. அதே கூரையில் ஓராண்டில் விழும் நீர் 45,000 லிட்டருக்கும் மேல் என்பதை ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் தாமே பெருக்கிக் காணலாம். 2003 ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது ஏன் என்பது இக்கணக்கிலிருந்தே விளங்கும்.

*கண்ணாடிக் குவளையில் நிலத்தடி நீர்*

கண்ணாடிக் குவளையில் கூழாங்கற்களையும் மணலையும் அடுக்கி, பாதி உயரம் வரை நீர் ஊற்றவேண்டும். கைகழுவும் நீர்மப் புட்டியின் அழுத்துமூடியை, அதன் குழாய் முனையில் துணி சுற்றி, மணலுக்குள் நிறுத்தினால் அது ஆழ்துளைக் கிணறு ஆகிறது. அழுத்த அழுத்த நீர்மட்டம் இறங்குவது கண்ணாடி வழியே தெரியும். பின்னர் மேற்பரப்பில் சில துளி மையை இட்டுச் சிறிது நீர் தெளித்து மீண்டும் அழுத்தினால், சற்று நேரத்தில் மை கலந்த நீர் வெளிவரும். மேலே இடப்படும் கழிவு கீழேயுள்ள கிணற்றை அடையும் என்பதற்கு இது நேரடிச் சான்று.

இம்மாதிரிக்கு ஒரு குறையும் உண்டு. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறைப் பகுதியாகும். அங்கு நீர் மணலில் பரவியிருப்பதுபோல் சீராக இருப்பதில்லை; பாறையின் வெடிப்புகளில் மட்டுமே உள்ளது. அடுத்தடுத்த இரு வீடுகளில் ஒன்றில் ஆழ்துளைக் கிணறு நீர் தருவதும் மற்றொன்றில் பொய்த்துப்போவதும் இதனாலேயே. மணலுக்குப் பதிலாகச் செங்கல் துண்டுகளை நெருக்கமாக அடுக்கி இவ்வேறுபாட்டைக் காட்டலாம்.

*ஊரின் நீர்நிலைகள்*

தமிழ்நாட்டில் 39,000 க்கும் மேற்பட்ட பாசன ஏரிகள் உள்ளன. ஏரி, கண்மாய், குளம், தாங்கல், ஏந்தல், ஊருணி, கேணி எனப் பயனுக்கும் வட்டாரத்துக்கும் ஏற்ப வழங்கும் பெயர்களைத் திரட்டுவதே ஒரு பாடமாக அமையும். ஊருணி குடிநீருக்காக ஒதுக்கப்பட்டது. அதில் குளிப்பதும் கால்நடைகளை இறக்குவதும் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஆய்வுக்கூடம் தோன்றுவதற்கு முன்பே நீரின் தரத்தைக் காத்த ஏற்பாடு இது. வரத்துக்கால், மதகு, கலிங்கு ஆகியவற்றை வரைபடத்தில் குறிக்கும்போது, நிரம்பிய ஏரியின் உபரி நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும் தொடரமைப்பு குழந்தைகளுக்குப் புலப்படும். வரத்துக்கால் அடைபட்டிருந்தால், ஏரியில் நீர் இல்லாததற்கு மழைக்குறைவு மட்டுமே காரணமன்று என்பதும் புலப்படும்.

2019 ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய முற்றிலும் வறண்டன. அவ்வாண்டு சூலையில் சோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் சென்னைக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. குழாய்க்கு அப்பால் ஓர் ஏரி உள்ளது என்பதை நகரக் குழந்தைகளுக்கு விளக்க இந்நிகழ்வு பயன்படுகிறது.

*சொட்டும் குழாய்*

நொடிக்கு ஒரு துளி சொட்டும் குழாயிலிருந்து ஒரு நாளில் 86,400 துளிகள் விழுகின்றன. ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் எனக் கொண்டால் இது 4 லிட்டருக்கும் மேலாகும். குழாயின் கீழ் வாளி வைத்து அளந்து, கணக்கிட்ட அளவுடன் ஒப்பிடுவது நான்காம் வகுப்புக்கு ஏற்ற செயல்பாடு.

நீரின் தரம்

*தெளிவும் தூய்மையும்*

1854 ஆம் ஆண்டு இலண்டன் நகரின் பிராடு தெருப் பகுதியில் வாந்திபேதி பரவி 600 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருத்துவர் சான் சினோ, இறந்தோரின் வீடுகளை ஆராய்ந்து, நோய்க்கு அத்தெருவின் அடிகுழாயே காரணம் எனக் கண்டார். அவரது வேண்டுகோளின்படி செப்டம்பர் 8 அன்று குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. அக்குழாய் நீர் சுவையானது எனப் பெயர்பெற்றிருந்தது. வேறொரு பகுதிக்குக் குடிபெயர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், அதன் சுவையை விரும்பி அங்கிருந்து நீரைத் தருவித்துக் குடித்து நோயுற்று இறந்தார். நோயும் நீரும் தொடர்புடையவை என்பதற்குச் சினோ காட்டிய வலுவான சான்றுகளுள் இதுவும் ஒன்று. வரைபடத்தில் புள்ளி வைத்துக் காரணத்தைத் தேடும் இம்முறையை நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் எளிதில் பின்பற்றுவர்.

வங்காளதேசம் மற்றோர் எடுத்துக்காட்டு. குளத்து நீரால் பரவும் நோய்களைத் தவிர்க்க அங்குப் பெருமளவில் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. அவற்றில் பலவற்றின் தெளிந்த நீரில் ஆர்சனிக் கலந்திருப்பது 1990 களில் தெரியவந்தது. பின்னர் ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டு, வரம்புக்கு மேல் ஆர்சனிக் உள்ளவற்றுக்குச் சிவப்பு வண்ணமும் மற்றவற்றுக்குப் பச்சை வண்ணமும் பூசப்பட்டன. எழுத்தறியாத குழந்தையும் படிக்கக்கூடிய அறிவிப்பாக இது அமைந்தது.

*தர வரம்புகள்*

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012) குறிப்பிடும் வரம்புகளுள் சில கீழே தரப்பட்டுள்ளன.

| பண்பு | ஏற்கத்தக்க அளவு | மாற்று நீர் இல்லாதபோது | புலன்களால் அறிய இயலுமா |
|---|---|---|---|
| கலங்கல் (என்.டி.யு.) | 1 | 5 | மிகும்போது கண்ணால் |
| கரைந்த மொத்தத் திண்மங்கள் (மி.கி./லி.) | 500 | 2000 | மிகும்போது சுவையால் |
| கடினத்தன்மை (மி.கி./லி.) | 200 | 600 | சோப்பு நுரையால் |
| குளோரைடு (மி.கி./லி.) | 250 | 1000 | உவர்ப்புச் சுவையால் |
| புளோரைடு (மி.கி./லி.) | 1.0 | 1.5 | இயலாது |
| நைத்திரேட்டு (மி.கி./லி.) | 45 | தளர்வு இல்லை | இயலாது |
| ஈ. கோலி பாக்டீரியா | 100 மி.லி. நீரில் இருத்தல் கூடாது | தளர்வு இல்லை | இயலாது |

பட்டியலின் கடைசி மூன்று வரிகள் நீர்த் தரக் கல்வியின் சாரமாகும். உடலுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும் இவை மூன்றையும் கண்ணும் நாக்கும் மூக்கும் காட்டித்தருவதில்லை. எண்களைக் குழந்தைகள் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 'இயலாது' என்ற சொல்லை அவர்கள் புரிந்துகொண்டால் போதும்.

*வகுப்பறைச் சோதனைகள்*

கலங்கல் சோதனை. தாளில் கூட்டல் குறி ஒன்றை வரைந்து அதன்மேல் உயரமான கண்ணாடிக் கலத்தை வைத்து, குறி மறையும் வரை நீர் ஊற்றவேண்டும். மறையும்போதுள்ள நீரின் உயரம் குறைவாக இருந்தால் கலங்கல் மிகுதி எனப் பொருள். 1865 இல் இத்தாலிய வானியலாளர் ஏஞ்செலோ செக்கி கடல்நீரின் தெளிவை அளக்கப் பயன்படுத்திய வெண்ணிற வட்டின் தத்துவமும் இதுவே.

சோப்புச் சோதனை. ஒரே அளவு மழைநீரையும் கிணற்று நீரையும் இரு புட்டிகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் சோப்புக் கரைசலை ஒரே எண்ணிக்கைத் துளிகள் இட்டுக் குலுக்கவேண்டும். கடின நீரில் நுரை குறைந்து வெண்ணிறக் கசடு தோன்றும். சலவைத்தூள் கடின நீரிலும் நுரைக்கும் ஆதலால் அதனைப் பயன்படுத்தக்கூடாது.

மஞ்சள் தாள் சோதனை. மஞ்சள் கரைசலில் நனைத்து உலர்த்திய தாள் சோப்பு நீரிலும் சுண்ணாம்பு நீரிலும் சிவக்கும். காரம் என்னும் கருத்தை அறிமுகப்படுத்த இது உதவும். ஆயினும் குடிநீரின் நுண்ணிய வேறுபாடுகளை இது காட்டாது.

ஐதரசன் சல்பைடு சோதனை. இந்தியாவில் உருவாக்கப்பட்ட இம்முறையை மஞ்சா, மௌரியா, ராவ் ஆகியோர் 1982 ஆம் ஆண்டு உலக நலவாழ்வு அமைப்பின் ஆய்விதழில் வெளியிட்டனர். ஊட்டப்பொருள் தோய்ந்த தாள் இடப்பட்ட தூய்மையான புட்டியில் சோதிக்கவேண்டிய நீரை ஊற்றி வெதுவெதுப்பான இடத்தில் வைக்கவேண்டும். மலக்கழிவுடன் தொடர்புடைய பாக்டீரியாக்கள் இருந்தால், அவை வெளியிடும் ஐதரசன் சல்பைடு தாளிலுள்ள இரும்புடன் வினைபுரிந்து நீரைக் கருமையாக்கும். மாலையில் தெளிவாக இருந்த நீர் மறுநாள் கறுத்திருப்பதைக் காணும் குழந்தைக்கு நுண்ணுயிரி பற்றிய நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை.

*தூய்மிப்பும் அதன் எல்லைகளும்*

ஒவ்வொரு தூய்மிப்பு முறையும் சில குறைகளை மட்டுமே நீக்கும். எது எதை நீக்காது என்பதையும் கற்பிப்பது இன்றியமையாதது.

- தேற்றாங்கொட்டை, படிகாரம். பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து நீரூற்றினால் கலங்கல் துகள்கள் ஒன்றுசேர்ந்து அடியில் படியும். நகர நீர்த்தூய்மிப்பு நிலையங்களில் படிகாரம் செய்யும் பணியும் இதுவே. நீர் தெளியும், ஆனால் நோய்க்கிருமிகள் அனைத்தும் நீங்கிவிடா.
- வெள்ளைத்துணி. குப்பையையும் சிறு உயிரிகளையும் தடுக்கும். பாக்டீரியாக்கள் அதன் இழை இடைவெளிகளைக் காட்டிலும் மிகச் சிறியவை.
- மணல் வடிகட்டி. வகுப்பறையில் புட்டியில் செய்யப்படும் மணல், கரி வடிகட்டி கலங்கலைக் குறைக்கும். அதிலிருந்து வரும் தெளிந்த நீரைக் குழந்தைகள் குடித்துப்பார்க்க அனுமதிக்கக்கூடாது.
- கொதிக்கவைத்தல். கிருமிகளைக் கொல்லும். புளோரைடு, நைத்திரேட்டு, உப்பு ஆகியவற்றை நீக்காது. நீர் ஆவியாவதால் எஞ்சிய நீரில் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.
- குளோரின். கிருமிகளைக் கொல்வதுடன், வழங்கு குழாயில் பின்னர்ச் சேரும் கிருமிகளையும் ஓரளவு தடுக்கும். கலங்கிய நீரில் இதன் ஆற்றல் குறைகிறது.

இரு நிலப்பகுதிகள்

*தருமபுரி, கிருட்டிணகிரி*

இம்மாவட்டங்களில் புளோரைடு உள்ள கனிமங்களைக் கொண்ட பாறைகளினூடே நிலத்தடி நீர் தங்குவதால், பல கிணறுகளில் புளோரைடு வரம்பை மிஞ்சியுள்ளது. கிணற்றை ஆழப்படுத்துவது இதற்குத் தீர்வாகாது. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளோரைடை நீக்கும் நல்கொண்டா முறை 1970 களில் நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தால் உருவாக்கப்பட்டது. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரைடு பாதிப்புக் குறைப்புத் திட்டம் 2013 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இப்பகுதிப் பள்ளிகளில் குழந்தை அறியவேண்டிய செய்தி ஒன்றே: குடிப்பதற்கும் சமைப்பதற்கும் காவிரி நீர், குளிப்பதற்கும் துவைப்பதற்கும் ஆழ்துளைக் கிணற்று நீர். எவ்வகை நீர் எக்குழாயில் வருகிறது என்பது தெரியாவிடில் திட்டத்தின் பயன் வீட்டை அடைவதில்லை.

*யாழ்ப்பாணக் குடாநாடு*

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றே உண்டு. மக்கள் நீண்ட காலமாகச் சுண்ணாம்புக்கல் அடுக்கிலுள்ள நிலத்தடி நீரையே நம்பியுள்ளனர். மழையால் சேரும் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலெழும். புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்மட்டத்தில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கூடான சான்று.

சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே நீர் விரைவாகக் கீழிறங்குவதால், தோட்டங்களுக்கு இடும் உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் வரும் நைத்திரேட்டும் விரைவாகக் கிணற்றை அடைகிறது. நைத்திரேட்டு மிகுந்த நீரில் கரைத்த பால்மாவை உண்ணும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு, இரத்தம் உயிர்வளியைக் கொண்டுசெல்லும் திறன் குறையும் ஆபத்து உண்டு. நீரின் அளவும் தரமும் தனித்தனிப் பாடங்கள் அல்ல என்பதை இந்நிலப்பகுதி தெளிவாகக் காட்டுகிறது. இங்கு மிகுதியாக இறைப்பதே உவர்ப்புக்குக் காரணமாகிறது.

வகுப்பு வாரியான படிமுறை

- 1, 2 ஆம் வகுப்புகள்: நீரின் பயன்கள், கலங்களில் ஊற்றி ஒப்பிடுதல், கை கழுவுதல், குடிநீரை மூடிவைத்தல்.
- 3 ஆம் வகுப்பு: நீர்ச் சுழற்சி, மழைமானி, ஊரின் நீர்நிலைப் பெயர்கள்.
- 4 ஆம் வகுப்பு: நிலத்தடி நீர் மாதிரி, கலங்கல் சோதனை, சோப்புச் சோதனை, சொட்டும் குழாய்க் கணக்கு.
- 5 ஆம் வகுப்பு: கூரை மழைநீர்க் கணக்கு, ஐதரசன் சல்பைடு சோதனை, தூய்மிப்பு முறைகளின் எல்லைகள், ஊர் நீர்நிலை வரைபடம்.

பாதுகாப்பும் நெறிமுறைகளும்

கிணறு, ஏரி, கால்வாய் ஆகியவற்றில் நீர் மாதிரியைப் பெரியவர்களே எடுக்கவேண்டும். கறுத்த சோதனைப் புட்டியைக் குழந்தைகள் திறக்கக்கூடாது. வெளுப்புத்தூள் கரைசல் இட்டு ஆசிரியரே அப்புறப்படுத்தவேண்டும். சோதனைக்குப் பின் அனைவரும் சோப்பால் கை கழுவவேண்டும்.

வீட்டு நீரைக் கொண்டுவரச் செய்யும்போது புட்டியில் மாணவர் பெயருக்குப் பதிலாக எண் இடுவது நன்று. எந்த வீட்டு நீர் கறுத்தது என்பது வகுப்பில் கேலிக்குரிய செய்தியாகிவிடக்கூடும். பற்களில் கறையுள்ள குழந்தையை எடுத்துக்காட்டாக நிறுத்துவதும் தவிர்க்கப்படவேண்டும். அக்கறை சரியாகப் பல் துலக்காததால் வந்ததன்று என்பதை வகுப்பு முழுவதற்கும் பொதுவாக விளக்கலாம்.

நீர் சாதியுடனும் பிணைந்துள்ளது. பொதுக் குளத்தில் நீரெடுக்கும் உரிமைக்காக அம்பேத்கர் 1927 ஆம் ஆண்டு மார்ச் 20 அன்று மகத் நகரில் போராட்டம் நடத்தினார். 2022 திசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்களுக்குக் குடிநீர் வழங்கிய மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது, குழந்தைகள் நோயுற்ற பின்னரே வெளிப்பட்டது. 'தூய்மை', 'தீட்டு' ஆகிய சொற்கள் ஒன்றல்ல என்பதைத் தெளிவுபடுத்தும் கடமையும் நீர்க் கல்விக்கு உண்டு. நீரின் தூய்மை அதில் கலந்துள்ள பொருளால் முடிவாகிறது. மொள்பவரின் பிறப்பால் முடிவாவதில்லை.

வரம்புகள்

வகுப்பறைச் சோதனைகள் ஆய்வுக்கூடச் சோதனைக்கு மாற்றாகா. ஐதரசன் சல்பைடு சோதனையில் நீர் கறுக்காவிடினும் அது குடிக்க உகந்தது என முடிவு கூற இயலாது. புளோரைடும் நைத்திரேட்டும் அச்சோதனையில் தென்படா. சில நிலத்தடி நீரில் இயல்பாகவே சல்பைடு இருப்பதால், மாசு இல்லாமலே கறுப்பதும் உண்டு. ஐயமுள்ள நீரை மாவட்ட நீர் ஆய்வுக்கூடத்தில் சோதிப்பதே முறை.

நீர்ச் சிக்கனம் பற்றிய பொறுப்பு முழுவதையும் குழந்தைகள்மீது சுமத்துவதாகவும் இக்கல்வி விமரிசிக்கப்படுவதுண்டு. பல் துலக்கும்போது குழாயை மூடுவது நல்ல பழக்கமே. ஆயினும் ஏரி ஆக்கிரமிப்பு, ஆலைக் கழிவு, கழிவுநீர்த் தூய்மிப்பு நிலையப் பற்றாக்குறை ஆகியவை அப்பழக்கத்தால் தீர்வனவல்ல. பள்ளியில் குடிநீர்த் தொட்டி தூய்மையாகவும் கழிப்பறை பயன்படுத்தத்தக்கதாகவும் இல்லாத நிலையில், பாடநூலில் உள்ள நீர்ப்பாடத்தைக் குழந்தைகள் நம்புவது அரிது. தொட்டி கழுவப்பட்ட நாளை அதன்மீது எழுதிவைப்பதும், அதனை மாணவர் குழுவொன்று சரிபார்ப்பதும் செலவின்றிச் செய்யக்கூடிய முதற்பாடமாகும்.

இவற்றையும் பார்க்க

- நீர்ச் சுழற்சி
- நிலத்தடி நீர்
- மழைநீர் சேகரிப்பு
- ஊருணி
- புளோரைடு நச்சுமை
- உலக நீர் நாள்